ஊசியா, உழைப்பா? முதுமையை வெல்லப் புறப்பட்ட நூறாண்டுக் கதை

1990-ஆம் ஆண்டு ஜூன் 13. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழான ஜாமாவில் ஒரு கட்டுரை வெளியானது. பாஸ்டன் நகரத்து முதியோர் காப்பகம் ஒன்றில் இருந்த, தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்குப் பளு தூக்கும் பயிற்சி கொடுத்தால் என்ன ஆகும் என்பதுதான் அதன் விஷயம்.

மூன்று வாரம் கழித்து, ஜூலை 5 அன்று, நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் இன்னொரு கட்டுரை வந்தது. அறுபது வயதைத் தாண்டிய ஆண்களுக்கு வளர்ச்சி ஹார்மோனை ஊசி மூலம் ஏற்றினால் என்ன ஆகும் என்பது இதன் விஷயம்.

இரண்டுமே ஒரே கேள்வியைத்தான் கேட்டன. வயதானால் தேய்ந்துபோகும் உடம்பை மீட்க முடியுமா? இரண்டுமே "முடியும் போலிருக்கிறது" என்றுதான் பதில் சொல்லின. ஆனால் உலகம் ஒன்றைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. மற்றதை முதியோர் மருத்துவம் படித்தவர்கள்தான் நினைவில் வைத்துக்கொண்டார்கள். எது கொண்டாடப்பட்டது, எது சரியாக இருந்தது என்பது புரிய வேண்டுமானால், அங்கிருந்து இன்னும் நூறு வருடம் பின்னால் போக வேண்டும்.

72 வயது விஞ்ஞானியின் ஊசி

1889 ஜூன் 1. பாரிஸ் உயிரியல் கழகத்தின் கூட்டம். பேச எழுந்தவர் பிரவுன்-செக்கார். மொரீஷியஸ் தீவில் பிறந்தவர். அப்போது வயது 72. சாதாரண ஆள் இல்லை. முதுகுத் தண்டின் ஒரு பாதி மட்டும் அறுபட்டால் உடலில் என்ன ஆகும் என்பதைக் கண்டுபிடித்தவர். அந்த நிலையை மருத்துவ மாணவர்கள் இன்றும் அவர் பெயரால்தான் படிக்கிறார்கள். அட்ரினல் சுரப்பிகளை எடுத்துவிட்டால் விலங்கு பிழைக்காது என்று 1856-லேயே காட்டியவரும் அவர்தான்.

அன்று அவர் சொன்ன சேதி சபையைத் திடுக்கிட வைத்தது. நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விரைகளை நசுக்கிச் சாறெடுத்து, அதைத் தன் உடம்பிலேயே ஊசியாகப் போட்டுக்கொண்டதாகச் சொன்னார். பலன்? முன்பெல்லாம் ஆய்வுக்கூடத்தில் அரை மணி நேரம் நின்றாலே உட்கார இடம் தேடியவர், இப்போது மணிக்கணக்கில் நின்று வேலை செய்ய முடிகிறதாம். மாடிப்படிகளில் ஓடி ஏற முடிகிறதாம். முன்கையின் வலுவைக் கருவி வைத்து அளந்து பார்த்தார், கூடியிருந்தது. அடுத்த மாதமே லான்செட் இதழிலும் இது வெளியானது.

செய்தி காட்டுத் தீ போலப் பரவியது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மருத்துவர்கள் இந்தச் சாற்றைப் போட ஆரம்பித்தார்கள். வியாபாரிகள் புட்டியில் அடைத்து விற்றார்கள். பிரவுன்-செக்கார் 1894-இல் காலமானார். அவருக்கு இளமை திரும்பவில்லை.

அந்தச் சாற்றில் உண்மையில் என்னதான் இருந்தது? ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அவருடைய செய்முறையை அப்படியே பின்பற்றிச் சாறு தயாரித்து அளந்து பார்த்து, 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். அதில் இருந்த டெஸ்டோஸ்டிரோன் உடம்பில் எந்த மாற்றத்தையும் செய்யப் போதாத அளவு! காரணம் எளிது. விரை இந்த ஹார்மோனைச் சேமித்து வைப்பதில்லை. சுரந்த உடனே இரத்தத்தில் அனுப்பிவிடும். தவிர, அது தண்ணீரில் சரியாகக் கரையாது. அவர் எடுத்ததோ தண்ணீர்ச் சாறு.

அப்படியானால் மாடிப்படி ஏறியது? அது நம்பிக்கையின் பலம். மருந்து என்று நம்பி எதை எடுத்தாலும் கொஞ்ச நாள் தெம்பு வரும் என்பதை இன்றைய மருத்துவம் நன்றாகவே அறிந்திருக்கிறது. அதனால்தான் எந்த மருந்தையும் சோதிக்கும்போது பாதிப் பேருக்குப் போலி மருந்து கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பிரவுன்-செக்கார் சோதித்தது ஒரே ஓர் ஆளை. அதுவும் தன்னையே!

உண்மையாகவே வேலை செய்த சாறு

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் அது நியாயமாகாது. சுரப்பிச் சாறு என்ற யோசனையே முட்டாள்தனம் அல்ல.

1891-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தில் ஜார்ஜ் முர்ரே என்ற இளம் மருத்துவர், தைராய்டு வற்றிப்போன ஒரு பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டார். முகம் வீங்கி, பேச்சும் நடையும் மந்தமாகிக் கிடந்த அந்தப் பெண் தேறினார். தொடர்ந்து மருந்து எடுத்துக்கொண்டு இன்னும் 28 வருடம் வாழ்ந்து, 74 வயதில்தான் இறந்தார். 1905-இல் லண்டனில் எர்னஸ்ட் ஸ்டார்லிங் 'ஹார்மோன்' என்ற சொல்லை முதன்முதலாகப் பயன்படுத்தினார். தூண்டிவிடுதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அது. 1922-இல் இன்சுலின் வந்து, சாகக் கிடந்த சிறுவர்களை எழுப்பி உட்கார வைத்தது.

ஆக, சுரப்பி கெட்டுப்போனவர்களுக்கு ஹார்மோன் கொடுத்தால் உயிர் பிழைக்கிறார்கள். இதில் சந்தேகமே இல்லை. ஆனால் இந்த வெற்றியிலிருந்து பலர் இன்னொரு முடிவுக்குத் தாவினார்கள். "வயதானால் ஹார்மோன் குறைகிறது. குறைந்ததை நிரப்பினால் வயது குறையும்." கேட்பதற்கு எவ்வளவு சரியாக இருக்கிறது! நோயால் வந்த குறைபாடும் வயதால் வந்த குறைவும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொண்டார்கள். இனி வரும் கதை முழுக்க இந்த ஒரு குழப்பத்தின் கதைதான்.

கத்தி, குரங்கு, ஆடு

வியன்னாவில் ஆய்கன் ஸ்டைனாக் என்ற உடலியல் அறிஞர் வேறு ஒரு வழி சொன்னார். விந்துக் குழாயைக் கட்டிவிட்டால், விந்து உற்பத்திக்குப் போகும் சக்தி ஹார்மோன் உற்பத்திக்குத் திரும்பி இளமை வரும் என்பது அவர் கணக்கு. இன்றைய பார்வையில் அது ஆண்களுக்கான கருத்தடை அறுவை சிகிச்சை, அவ்வளவுதான்! ஆனால் 1920-களில் படித்தவர்களும் வரிசையில் நின்றார்கள். மனோதத்துவ மேதை சிக்மண்ட் ஃபிராய்ட் 1923-இல் இதைச் செய்துகொண்டார். தாடைப் புற்றுநோய் திரும்பி வராது என்ற நம்பிக்கை. அயர்லாந்துக் கவிஞர் யேட்ஸ் 1934-இல், தமது 68-ஆவது வயதில் செய்துகொண்டார். அதன் பிறகு தமக்குப் படைப்பு வேகம் திரும்பியதாகவும் நம்பினார். ஐந்து வருடத்துக்குள் அவர் இறந்துவிட்டார்.

பாரிஸில் செர்ஜ் வோரனாஃப் இன்னும் ஒரு படி மேலே போனார். 1920 ஜூன் மாதம், குரங்கின் விரையை மெல்லிய சீவல்களாக நறுக்கி மனிதனின் விரையோடு சேர்த்துத் தைத்தார். பணக்காரர்கள் குவிந்தார்கள். ஓர் இனத்தின் உறுப்பை இன்னோர் இனத்தின் உடம்பு ஏற்காது; ஒட்டிய சீவல் கொஞ்ச நாளில் அழிந்து தழும்பாகிவிடும். இது புரிவதற்குள் நூற்றுக்கணக்கானோர் கத்தியின் கீழ் படுத்து எழுந்துவிட்டார்கள்.

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஜான் பிரிங்க்லி என்பவர் குரங்குக்குப் பதில் ஆட்டைப் பிடித்தார். ஓர் அறுவைக்கு 750 டாலர். அந்தக் காலத்தில் அது பெருந்தொகை. 1923-இல் சொந்தமாக வானொலி நிலையமே தொடங்கி விளம்பரம் செய்தார். 1930-இல் அவருடைய மருத்துவ உரிமம் பறிக்கப்பட்டது. அதே வருடம் மாநில ஆளுநர் தேர்தலில் நின்று ஏராளமான வாக்குகளையும் வாங்கினார்! கடைசியில், தன்னைப் போலி மருத்துவர் என்று எழுதிய மோரிஸ் ஃபிஷ்பெய்ன் மீது போட்ட அவதூறு வழக்கில் 1939-இல் தோற்று, திவாலாகி, 1942-இல் இறந்தார்.

இதையெல்லாம் படிக்கும்போது சிரிப்பு வரும். ஆனால் அவர்களிடம் போனவர்கள் முட்டாள்கள் அல்ல. கை நடுங்குவதையும், முழங்கால் பலமிழப்பதையும், மாடி ஏற முடியாமல் போவதையும் கண்டு பயந்தவர்கள். அந்தப் பயம் எந்தக் காலத்திலும் மாறவில்லை. மாறியது அதைக் காசாக்கும் வழிதான்.

குப்பிக்குள் வந்த ஹார்மோன்

1935-இல் காட்சி மாறியது. ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லாக்கர் குழுவினர் காளையின் விரையிலிருந்து தூய டெஸ்டோஸ்டிரோனைப் பிரித்தெடுத்தார்கள். அதே வருடம் அடால்ஃப் பூட்டனன்ட், லியோபோல்ட் ருசிக்கா என்ற இருவரும் தனித்தனியே கொலஸ்ட்ராலிலிருந்து அதைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். 1939-இல் வேதியியல் நோபல் பரிசு இந்த இருவருக்கும் பகிர்ந்து அளிக்கப்பட்டது. இனி ஆடும் வேண்டாம், குரங்கும் வேண்டாம். குப்பியில் அடைத்த ஹார்மோன் கிடைக்கும்.

ஆனால் முதலில் பெரிய சந்தையானது பெண்களுக்கான ஹார்மோன்தான். மாதவிடாய் நின்ற பெண்களுக்கான ஈஸ்ட்ரோஜன் மாத்திரை பிரிமாரின் 1942-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. கர்ப்பமான குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுக்கப்பட்டது அது. 1966-இல் ராபர்ட் வில்சன் என்ற நியூயார்க் மருத்துவர், மாதவிடாய் நிற்பது ஒரு குறைபாட்டு நோய் என்றும், ஈஸ்ட்ரோஜன் எடுத்தால் என்றென்றும் பெண்மையோடு வாழலாம் என்றும் புத்தகம் எழுதினார். விற்பனை எகிறியது. 1975-இல் கருப்பையின் உட்சுவரில் புற்றுநோய் கூடுவதாக ஆய்வுகள் வந்ததும் சரிந்தது. புரொஜஸ்டிரோன் வகை மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் அந்த ஆபத்து குறையும் என்று தெரிந்ததும் மறுபடி ஏறியது.

2002-இல்தான் பெரிய கணக்கெடுப்பு வந்தது. 50 முதல் 79 வயது வரையான 16,608 பெண்களைப் பாதிப்பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இரு ஹார்மோன்களும் மறு பாதிக்குப் போலி மாத்திரையும் கொடுத்த அமெரிக்க ஆய்வு அது. சராசரியாக 5.2 வருடம் ஆனபோது பாதியிலேயே நிறுத்தப்பட்டது. பத்தாயிரம் பெண்கள் ஓராண்டு எடுத்தால் மார்பகப் புற்றுநோய் 8 பேருக்கும், பக்கவாதம் 8 பேருக்கும், இதயநோய் 7 பேருக்கும் கூடுதலாக வந்தது. இடுப்பு எலும்பு முறிவு 5 பேருக்குக் குறைந்தது.

உடனே உலகமெங்கும் பெண்கள் மாத்திரையைத் தூக்கி எறிந்தார்கள். அதுவும் அவசர முடிவுதான் என்று பின்னால் தெரிந்தது. ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63. அறுபதுக்குக் கீழே, மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் இருக்கும் பெண்களுக்கு உடல் சூடேறித் தகிப்பது போன்ற தொல்லைகள் இருந்தால், பெரும்பாலும் நன்மையே மிகுதி என்பது இப்போதைய மருத்துவர்களின் பொதுவான கருத்து. தொல்லைக்கு மருந்து, சரி. முதுமைக்கே மருந்து என்பதுதான் நிரூபிக்கப்படாமல் போனது.

சும்மா இருந்தால் தேயும் உடம்பு

ஹார்மோன் கதை இப்படிப் போய்க்கொண்டிருக்க, பக்கத்திலேயே இன்னொரு கதை சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. மாரடைப்பு வந்தால் வாரக்கணக்கில் படுக்கை, வயதானால் ஓய்வு. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மருத்துவர்களும் சொன்னது இதைத்தான்.

இதை முதலில் அசைத்தது லண்டன் நகரத்துப் பேருந்து. அந்தப் பேருந்துகளுக்கு இரண்டு தளம். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மேலும் கீழும் ஏறி இறங்குவார். நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள். ஒரே ஊர், ஒரே நிர்வாகம், ஏறக்குறைய ஒரே சம்பளம். ஜெர்ரி மோரிஸ் என்ற ஆய்வாளர் இரு தரப்பின் இதயநோய்க் கணக்கைப் பார்த்தார். கண்டக்டர்களுக்கு மாரடைப்பு கணிசமாகக் குறைவு. வந்தாலும் தாமதமாகவும் மிதமாகவும் வந்தது. 1953-இல் லான்செட் இதழில் இது வெளியானது.

"குண்டாக இருப்பவர்கள்தான் டிரைவர் வேலைக்குப் போகிறார்களோ என்னவோ?" என்று ஒரு கேள்வி வரலாம் அல்லவா? மோரிஸ் குழுவினர் அதையும் விடவில்லை. தொழிலாளர்களின் சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்து, டிரைவர்களின் இடுப்பு ஆரம்பத்திலிருந்தே பெரியதுதான் என்று தாங்களே 1956-இல் எழுதினார்கள். பிறகு வேறு தொழிலாளர்களிடமும் அரசு ஊழியர்களிடமும் ஆராய்ந்து தம் முடிவை உறுதி செய்துகொண்டார் மோரிஸ். உடற்பயிற்சியைக் கடைசிவரை விடாத அவர் 2009-இல் இறந்தபோது வயது 99.

அடுத்தது 1966, டல்லாஸ் நகரம். இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடக்க வைத்தார்கள். எழுந்தபோது, உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் நான்கில் ஒரு பங்குக்கு மேல் சரிந்திருந்தது. முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரை, ஐம்பது வயதில், மறுபடி தேடிப்பிடித்துச் சோதித்தார்கள். முப்பது வருட வயது கூட அந்த மூன்று வாரப் படுக்கை அளவுக்குச் சேதம் செய்திருக்கவில்லை! ஆறு மாதப் பயிற்சி கொடுத்ததும் வயதால் இழந்த திறன் திரும்ப வந்துவிட்டது. ஐந்து பேர்தான் என்பது உண்மை. ஆனாலும், வயதின் வேலை என்று உலகம் நினைத்ததில் பெரும்பகுதி அசையாமல் கிடந்ததன் வேலை என்று அது காட்டியது.

1990: இரண்டு கட்டுரைகள்

இப்போது மறுபடி பாஸ்டன். மரியா ஃபியாட்டரோனேயும் அவருடைய சக ஆய்வாளர்களும் தேர்ந்தெடுத்த பத்துப் பேரின் வயது 86 முதல் 96 வரை. திடகாத்திரமானவர்கள் அல்லர். பல நோய்களோடு காப்பகத்தில் வாழ்ந்தவர்கள். அவர்களை வாரம் மூன்று நாள், எட்டு வாரம், காலை நீட்டிப் பளுவைத் தூக்க வைத்தார்கள். பேருக்குக் கொஞ்சம் எடை இல்லை. அவர்களால் தூக்க முடிந்த உச்ச எடையில் 80 சதவீதம் வரை. ஒன்பது பேர் பயிற்சியை முடித்தார்கள்.

கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொடைத் தசையின் பருமன் 9 சதவீதம் கூடியது. அடிமேல் அடி வைத்து நேர்கோட்டில் நடக்கும் வேகம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கானது. இருவர் கைத்தடியை ஓரமாக வைத்துவிட்டார்கள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள். இங்கே தொண்ணூறில் வளைந்தது!

174 எங்கே, 9 எங்கே என்று தோன்றலாம். முதல் வாரங்களில் வலு கூடுவது தசை பெருப்பதால் மட்டுமல்ல. பயன்படாமல் கிடந்த தசை நார்களை நரம்பு மறுபடி வேலைக்கு அழைக்கிறது. உள்ளே ஆள் இருந்தார்கள்; கூப்பிடத்தான் யாரும் இல்லை.

இனி மூன்று வாரம் கழித்து வந்த கட்டுரை. வளர்ச்சி ஹார்மோனை 1985 வரை இறந்தவர்களின் மூளையடிச் சுரப்பியிலிருந்துதான் எடுத்தார்கள். அதைப் பெற்ற குழந்தைகளில் சிலர் பிற்காலத்தில் மூளையை அரிக்கும் கொடிய நோயால் இறக்க, அது நிறுத்தப்பட்டது. அதே வருடம் மரபணுத் தொழில்நுட்பத்தால் தயாரித்த ஹார்மோன் வந்தது. இனி எவ்வளவு வேண்டுமானாலும் தயாரிக்கலாம். டேனியல் ரட்மன் என்ற அமெரிக்க மருத்துவர் 61 முதல் 81 வயது வரையான 21 ஆண்களை எடுத்துக்கொண்டார். 12 பேருக்கு ஆறு மாதம் வாரம் மூன்று ஊசி. 9 பேருக்கு ஒன்றும் இல்லை. ஊசி போட்டவர்களுக்குக் கொழுப்பல்லாத உடல் எடை 8.8 சதவீதம் கூடியது, கொழுப்பு 14.4 சதவீதம் குறைந்தது, தோல் தடித்தது. 10 முதல் 20 வருட முதுமை மாற்றங்களுக்குச் சமமான அளவு இது என்று கட்டுரை எழுதியது.

அந்த ஒரு வாக்கியம் போதாதா? இளமை ஊசி வந்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. முதுமை எதிர்ப்பு மருத்துவமனைகள் முளைத்தன. ரட்மன் ஒன்றை அளக்கவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. அவர்களால் முன்பைவிட வேகமாக நடக்க முடிந்ததா? அதிக எடை தூக்க முடிந்ததா? தெரியாது. ஆய்வில் அது சோதிக்கப்படவே இல்லை. கூடிய எடை எல்லாம் வேலை செய்யும் தசையா, அல்லது உடம்பில் தேங்கிய நீரும் அதில் உண்டா என்பதும் தெரியாது.

கணக்குத் தீர்த்த வருடங்கள்

கேள்விக்குப் பதில் 1996-இல் வந்தது. சான் பிரான்சிஸ்கோவில் எழுபது வயதைத் தொட்ட, தாண்டிய 52 ஆண்களுக்கு ஆறு மாதம் ஹார்மோனோ போலி ஊசியோ போட்டார்கள். கொழுப்பு குறைந்தது, தசை எடை கூடியது. வலு? கூடவில்லை. நடக்கும் திறன்? அதுவும் இல்லை. பளுப் பயிற்சி செய்யும் முதியவர்களுக்குக் கூடவே ஹார்மோனும் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளிலும், பயிற்சி தந்த பலனுக்கு மேல் ஊசி எதையும் சேர்க்கவில்லை. கால் வீக்கம், மூட்டு வலி, மணிக்கட்டு நரம்பு அழுத்தம் மட்டும் சேர்ந்தன. 2002-இல் வந்த பெரிய ஆய்வில் ஹார்மோன் எடுத்த ஆண்களில் பலருக்குச் சர்க்கரை நோயோ அதன் முன்நிலையோ தோன்றியது.

2003-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் ஓர் அபூர்வமான காரியம் செய்தது. ரட்மனின் பழைய கட்டுரையைக் காட்டித்தான் இணையத்தில் கண்ட கண்ட மருந்துகளும் விற்கப்படுகின்றன, அந்தக் கட்டுரை அதற்கு ஆதாரம் ஆகாது என்று தலையங்கமே எழுதியது. அமெரிக்காவில் முதுமையைத் தடுக்க என்று சொல்லி வளர்ச்சி ஹார்மோன் விநியோகிப்பது சட்டப்படி குற்றம். இருந்தும் வியாபாரம் நிற்கவில்லை.

டி.எச்.இ.ஏ. என்ற இன்னொரு ஹார்மோனை 1994-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் அமெரிக்காவில் சத்து மாத்திரை போலக் கடையிலேயே வாங்க முடிந்தது. இரண்டு வருடம் முதியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த 2006-ஆம் ஆண்டு ஆய்வில் வலு, உடல் திறன், வாழ்க்கைத் தரம் எதிலும் சொல்லத்தக்க பலன் இல்லை.

டெஸ்டோஸ்டிரோனுக்கு மட்டும் கொஞ்சம் கலவையான தீர்ப்பு. இரத்தத்தில் அது குறைந்திருந்த, 65 வயதுக்கு மேற்பட்ட 790 ஆண்களிடம் நடந்த சோதனையின் முடிவு 2016-இல் வந்தது. தாம்பத்திய ஆர்வம் ஓரளவு கூடியது. மனநிலை சற்றே மேம்பட்டது. எதிர்பார்த்த சுறுசுறுப்பு கூடவில்லை. எலும்பின் அடர்த்தி கூடியதாக அடுத்த வருடம் அறிவித்தார்கள். ஆனால் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த வேறொரு பெரிய ஆய்வில், ஹார்மோன் எடுத்தவர்களுக்கு எலும்பு முறிவு குறையவில்லை, கூடியிருந்தது என்று 2024-இல் தெரிந்தது! மாரடைப்பு கூடவில்லை என்பது அந்த ஆய்வு சொன்ன ஆறுதல். அடர்த்தி என்பது கருவி காட்டும் எண். கீழே விழுந்தால் எலும்பு முறியாமல் இருப்பதுதான் மனிதனுக்கு வேண்டியது.

பயிற்சியின் கணக்கு எப்படி? ஃபியாட்டரோனே குழு 1994-இல் நூறு பேரோடு மறுபடி சோதித்தது. சராசரி வயது 87. நான்கு பிரிவு: பயிற்சி மட்டும், சத்து பானம் மட்டும், இரண்டும், இரண்டும் இல்லை. பத்து வாரத்தில் பயிற்சி செய்தவர்களின் தசை வலு 113 சதவீதம் உயர்ந்தது. நடை வேகமும் படியேறும் சக்தியும் கூடின. சத்து பானம் மட்டும் குடித்தவர்களுக்கு வலு கூடவில்லை. 2014-இல் வெளியான இன்னொரு ஆய்வில் 70 முதல் 89 வயது வரையான 1,635 பேர் சுமார் இரண்டரை வருடம் கலந்துகொண்டார்கள். கால் கிலோமீட்டர் தாண்டி, அதாவது 400 மீட்டர் நடக்கும் திறனை இழந்தவர்கள் நடைப்பயிற்சிப் பிரிவில் 30.1 சதவீதம், ஆரோக்கிய வகுப்புகளுக்கு மட்டும் வந்தவர்களில் 35.5 சதவீதம். மந்திரம் ஒன்றும் இல்லை. ஆனால் தானாகக் கடைக்குப் போய் வரும் முதியவருக்கும், யாராவது வந்து அழைத்துப் போகக் காத்திருப்பவருக்கும் இடையே உள்ள வித்தியாசம் அதில் அடங்கியிருக்கிறது.

ஏன் ஊசி ஜெயித்தது?

இவ்வளவு தெரிந்தும் சந்தையில் ஜெயித்தது ஊசிதான். காரணம் தேடிக் கஷ்டப்பட வேண்டாம். மருந்துக்குக் காப்புரிமை உண்டு, விலை உண்டு, விளம்பரம் செய்ய ஆள் உண்டு. நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவதற்கு யார் விளம்பரம் செய்வார்கள்? இன்னொரு காரணமும் உண்டு. ஊசியை ஒருவர் போட்டுவிடலாம். பயிற்சியை நமக்காக இன்னொருவர் செய்ய முடியாது.

இதில் முதியவர்களைச் சுற்றி இருப்பவர்களுக்கும் பங்கு உண்டு. "உங்களுக்கு எதுக்கு சிரமம், பேசாமல் உட்காருங்கள்" என்று அன்போடு சொல்லப்படும் வார்த்தை, டல்லாஸ் படுக்கையைத்தான் வீட்டுக்குள் கொண்டு வருகிறது. 65 வயதைத் தாண்டியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, இரண்டு நாளாவது தசைப் பயிற்சி, கீழே விழாமல் இருக்க மூன்று நாள் சமநிலைப் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது 2020-இல் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி. நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்க வேண்டும் என்பது சொல்லாமலே புரியும். தைராய்டு குறைந்தவர் தைராய்டு மாத்திரையையோ, சர்க்கரை நோயாளி இன்சுலினையோ நிறுத்திவிட்டு நடக்கப் போகவேண்டும் என்று இந்த வரலாறு சொல்லவில்லை. குறைபாடு நோயாக இருந்தால் ஹார்மோன் மருந்து. வயதுதான் காரணம் என்றால், அது இதுவரை எங்கும் நிரூபணமான மருந்தாக இல்லை.

பாஸ்டன் ஆய்வில் இன்னும் ஒரு எண் உண்டு. எட்டு வாரப் பயிற்சி முடிந்து நான்கு வாரம் சும்மா இருந்ததும், அந்த முதியவர்களின் உச்ச வலுவில் 32 சதவீதம் போய்விட்டது. ஊசியைப் போலவே பயிற்சிக்கும் ஒரே தவணையில் முடியும் வழி இல்லை. ஆனால் அந்த நான்கு வாரத்துக்கு முன்னால், தொண்ணூறு வயதில், கைத்தடி இல்லாமல் நடந்தவர்கள் இருவர். அது அவர்கள் கால்களே தேடிக்கொண்ட வலு.